கண்மூடி நிற்கையில் கால் தள்ளாடினால்...

கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் திருக்கோயிலில் மங்களாம்பிகை சந்நிதி. ஆடி வெள்ளிக்கிழமை மாலைத் தீபாராதனை. மணியோசை எழுந்து, கற்பூர ஒளி அன்னையின் திருமுகத்தில் படர்ந்த வேளையில், என் அருகில் நின்றிருந்த தமக்கையார் இரு கைகளையும் தலைக்குமேல் குவித்துக் கண்களை மூடினார். மறுநொடியே அவருடைய உடல் காற்றில் அசையும் நாணலைப்போல முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மையார் அவருடைய தோளைத் தாங்கிக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட பக்தி! அம்பாளே ஆட்கொண்டுவிட்டாள்" என்று நெகிழ்ந்தார். நானும் நெகிழ்ந்தேன். எழுபத்திரண்டு வயதில் இத்தகைய பரவசம் வாய்ப்பதற்கு அக்கா என்ன தவம் செய்தாரோ என்று எண்ணிக்கொண்டேன்.

அது பரவசம் அன்று, நோய் என்பதை நாங்கள் அறிந்துகொள்ள மேலும் நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் அவர் இழந்தவற்றுள் சில திரும்பி வந்தன, சில திரும்பவில்லை. "நம் வீட்டில் நடந்த பிழையை மறைக்காமல் எழுது தம்பி. கோயிலுக்கு வருகிற நாலு பேருக்காவது பயன்படட்டும்" என்று அக்காவே பணித்ததனால், இவ்வாரம் அதனையே எழுதுகிறேன்.

வயது என்னும் ஒற்றைச் சொல்

திரும்பிப் பார்க்கும்போது அடையாளங்கள் அனைத்தும் எங்கள் கண்முன்னேதான் இருந்தன என்று தெரிகிறது.

முந்தைய மார்கழியில், கோயிற் பிரசாதமாகக் கிடைத்த புளியோதரையை வாயில் இட்டவுடன் நாக்கு எரிகிறது என்றார். மிளகாய் கூடிவிட்டது என்று நினைத்தோம். பிறகு வீட்டில் மருமகள் வைத்த ரசமும் எரிந்தது. காரமே இல்லாத தயிர் சாதத்திலும் எரிச்சல் நீங்கவில்லை. நாக்கு சிவந்து, மேற்பரப்பின் சொரசொரப்பு அற்று, வழவழவென்று இருந்ததை ஒருவரும் உற்று நோக்கவில்லை.

நாற்பது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் அம்பாளுக்குத் தம் கையால் பூத்தொடுத்துக் கொடுப்பவர் அவர். ஒருநாள், குருக்கள் வாங்கிச் சாத்துவதற்குள் அவர் தொடுத்த மாலை முடிச்சவிழ்ந்து மல்லிகை மொட்டுகள் படியில் சிதறின. நார் விரலில் இருப்பதே தமக்குத் தெரியவில்லை என்று கூறி அன்று அவர் அழுதார். இன்னொரு நாள், கோயிலிலிருந்து வீடு திரும்பியபோது இடக்காலில் செருப்பு இல்லை. அது வழியில் எங்கேயோ நழுவியிருக்கிறது. கால் அதனை உணரவில்லை. சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்த அபிராமி அந்தாதி நூறு பாடல்களின் நடுவே நின்றுபோனது. மகாமகக் குளத்தின் படியில் ஏறினால் மூச்சு வாங்கியது.

ஒவ்வொன்றுக்கும் நாங்கள் வைத்திருந்த விடை ஒன்றுதான்: "வயதாகிவிட்டது." அந்த ஒற்றைச் சொல்லால் ஒவ்வொரு கதவையும் சாத்திக்கொண்டே வந்தோம்.

தை மாதத்தில் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. "சோகைதான், சத்துக் குறைவு" என்று முடிவு கட்டி, எவரையும் கேளாமல் மருந்துக் கடையில் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த டானிக்கை நானே வாங்கிக் கொடுத்தேன். சித்திரையில் மீண்டும் பார்த்தபோது 11.2 ஆகியிருந்தது. முகத்தில் சற்றுத் தெளிவு வந்தது. நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் கால்களின் மதமதப்பு குறையவில்லை. நாளுக்கு நாள் மேலேறியது. ஆடியில், கண்மூடினால் உடல் ஆடத் தொடங்கியது.

கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் அகல்களை ஏற்றி வைத்துவிட்டு, விளக்கில்லாத ரேழி வழியாக உள்ளே திரும்பியவர் கால் இடறி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

மருத்துவர் கேட்ட கேள்வி

எலும்புக்குக் கட்டுப் போட்ட பிறகு, பொது மருத்துவம் பார்க்கும் ஓர் அம்மையார் வந்தார். அவர் கையை விட்டுவிட்டுக் காலைத்தான் முதலில் பார்த்தார். இசைக்கவையைத் தட்டி, அதிரும் அதன் அடியைக் கால் பெருவிரலின் எலும்பில் வைத்து, "அதிர்வு தெரிகிறதா அம்மா?" என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. கணுக்காலிலும் தெரியவில்லை. பின்னர்ப் பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொல்லி, இருபுறமும் தம் கைகளை அணையாக வைத்துக்கொண்டு, கண்களை மூடச் சொன்னார். சந்நிதியில் கண்ட அதே ஆட்டம்.

"இப்படி வேறு எங்காவது நடந்திருக்கிறதா?" என்று கேட்டார். நான் சற்றுத் தயங்கி, "கோயிலில் நடப்பதுண்டு. பக்தி மிகுதி என்று நினைத்தோம்" என்றேன்.

அவர் நகைக்கவில்லை. "நாம் நிற்கும்போது உடல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணும் சொல்கிறது, உட்காதும் சொல்கிறது, கால்களும் சொல்கின்றன. கண்ணை மூடிவிட்டால் கால்கள் அனுப்பும் செய்தியை மூளை பெரிதும் நம்ப வேண்டும். இவருடைய கால்களிலிருந்து அந்தச் செய்தி சரிவர வருவதில்லை. அதனால்தான் கண்மூடினாலும் ஆடுகிறார், இருட்டில் நடந்தாலும் விழுகிறார்" என்று விளக்கினார்.

பழைய பரிசோதனைச் சீட்டுகளைக் கேட்டார். தை மாதத்துச் சீட்டு பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஹீமோகுளோபினுக்குச் சில வரிகள் கீழே, "எம்.சி.வி." என்ற இடத்தில் 112 என அச்சிடப்பட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தது. சிவப்பணு ஒன்றின் சராசரிப் பருமன் அது. பொதுவாக 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்தால் சிவப்பணு சிறுக்கும். அக்காவின் சிவப்பணுக்களோ பருத்திருந்தன. பருத்த அணுக்களுக்கு இரும்பு மருந்தன்று. விடை பதினொரு மாதங்களாகப் பஞ்சாங்கத்துக்குள்ளேயே இருந்தது; வாசிப்பதற்குத்தான் ஆளில்லை.

அன்றே இரத்தம் எடுக்கப்பட்டது. வைட்டமின் பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 96 பிகோகிராம் என்று வந்தது. 200க்குக் குறைந்தால் பொதுவாகக் குறைபாடு என்று கொள்வர். அடுத்துச் செய்த பரிசோதனையில், நோயின் பெயரும் தெரிந்தது: பெர்னீஷியஸ் அனீமியா, அதாவது கொடிய சோகை.

உண்பது ஒன்று, உடலில் சேர்வது ஒன்று

பி12 என்பது நமக்கு மிக நுண்ணிய அளவில் தேவைப்படும் ஒரு சத்து. நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே மைக்ரோகிராம். அத்தனை சிறிய அளவே எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் முதிர்வதற்கும், நரம்புகளின் மேலுறை கெடாமல் இருப்பதற்கும் இன்றியமையாதது.

இச்சத்தைச் செடிகொடிகள் உண்டாக்குவதில்லை. விலங்குகளும் தாமாக உண்டாக்குவதில்லை. நுண்ணுயிரிகளே உண்டாக்குகின்றன. மரக்கறி உணவினராகிய நமக்கு அது பால், தயிர் முதலியவற்றின் வழியாகவே வந்து சேர்கிறது. 200 மில்லிலிட்டர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். காப்பியில் கலக்கும் சிறிதளவு பாலையும், நீராகப் பெருக்கிய மோரையும் மட்டும் நம்பியிருக்கும் முதியோர்க்கு அது போதாது.

உண்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. உணவோடு பிணைந்திருக்கும் பி12ஐ இரைப்பையின் அமிலம் பிரித்தெடுக்க வேண்டும். பின்னர், இரைப்பைச் சுவரிலே சுரக்கும் ஒரு புரதம் அதனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று சிறுகுடலின் கடைப்பகுதியில் உடலுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். அப்புரதத்தை "இன்ட்ரின்ஸிக் ஃபேக்டர்" என்பர். கொடிய சோகையில், நம்மைக் காக்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றலே திசைமாறி, அப்புரதத்தையும் அதனைச் சுரக்கும் இரைப்பை அணுக்களையும் தாக்கி அழிக்கிறது. ஆகவே படி படியாகப் பால் அருந்தினாலும் சத்து சேராது. அசைவம் உண்போருக்கும் இந்நோய் வருவதுண்டு. எனவே இதனை மரக்கறி உணவின் குற்றம் என்று எண்ணிவிடுதல் தவறு.

நம் கல்லீரலில் இச்சத்தின் சேமிப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு இருக்கும். அதனால் குறைபாடு ஓசையின்றி, மெல்ல மெல்ல வருகிறது. நாமும் அதனை முதுமை என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்கிறோம்.

இரத்தம் தேறியது, நரம்பு தேறவில்லை

1849ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் தாமஸ் அடிசன் என்னும் மருத்துவர் இத்தகைய சோகையைப் பற்றி எடுத்துரைத்தார். 1872இல் சூரிக் நகரில் பணியாற்றிய பீர்மர் என்பவர் இதற்குக் "கொடியது" என்னும் அடைமொழியைச் சூட்டினார். வந்தால் உயிரைக் கொண்டுபோகும் நோயாகவே அது இருந்தது. 1926இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மைனாட், மர்ஃபி இருவரும் விலங்கின் ஈரலை நாள்தோறும் மிகுதியாக உண்பித்து நோயாளிகளை எழுப்பினர். அவர்களுக்கும், அவர்களுக்கு முன்னே ஆய்வு நடத்திய விப்பிளுக்கும் 1934இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நம் பக்கத்து மனிதர் ஒருவரும் இருக்கிறார். ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர். இளமையில் துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர விழைந்தவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். உணவின் சத்து உடலில் ஒட்டாத "ஸ்ப்ரூ" என்னும் நோய் அவருடைய உடன்பிறந்தாரைப் பலிகொண்டது; அவரையும் வாட்டியது. அமெரிக்கா சென்று ஆய்வில் மூழ்கிய அவருடைய தலைமையில் இயங்கிய குழு, 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டது. ஸ்ப்ரூ நோயால் வரும் சோகைக்கு அது அருமருந்தாயிற்று.

அதே மருந்தைக் கொடிய சோகைக்கும் கொடுத்துப் பார்த்தனர். இரத்தம் தேறியது. ஆனால் சில மாதங்களில் ஒரு விபரீதம் புலப்பட்டது. நோயாளிகளின் முகம் தெளிந்திருக்க, கால்கள் மரத்துக்கொண்டே போயின. ஃபோலிக் அமிலம் இரத்தத்தைச் சீராக்குமேயன்றி நரம்பைக் காக்காது என்பதை மருத்துவ உலகம் இவ்வாறு கற்றது. நரம்பையும் காக்கும் பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1948இல். சுப்பாராவ் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

பெரியோர்களே, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ உலகம் கற்ற இந்தப் பாடத்தை அறியாமல், அதே பிழையை நான் என் வீட்டில் செய்தேன். டானிக் கெட்ட பொருளன்று. பரிசோதித்து, இன்ன குறைவு என்று தெரிந்த பின்னர்க் கொடுத்திருந்தால் அது மருந்து. தெரியாமல் கொடுத்ததனால் அது நோயின்மேல் போர்த்திய திரையாயிற்று. எண் ஏறியதைக் கண்டு நாங்கள் உறங்கிவிட்டோம்.

திருக்குறளில் "மருந்து" என்னும் அதிகாரம், நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே தணிக்கும் வழிக்குப் போக வேண்டும் என்ற முறையை வகுத்திருக்கிறது. மாணாக்கர்க்கு அதனை முப்பது ஆண்டுகள் பாடம் சொன்ன தமிழாசிரியன் நான். மருந்துக் கடை வாயிலில் மட்டும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பரிசோதனைக்குச் செல்வோர்க்கு

கால்களில் மதமதப்பு அல்லது எறும்பூர்வது போன்ற உணர்வு, இருட்டிலோ கண்மூடியபோதோ தள்ளாட்டம், நாக்கு எரிச்சல், காரணம் தெரியாத அயர்ச்சி, படியேறினால் மூச்சிரைப்பு, மஞ்சள் சாயலோடு கூடிய வெளிறல், புதிதாக வந்த மறதி, மனச்சோர்வு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை நீரிழிவு, தைராய்டு, முதுகெலும்புக் கோளாறு முதலியவற்றாலும் வரலாம். ஆதலால்தான் நாமாக முடிவு செய்யாமல் பரிசோதிக்க வேண்டும் என்கிறேன்.

நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலமாக உட்கொள்வோர், நெஞ்செரிச்சலுக்காக ஒமிப்ரசோல், பான்டபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுப்போர், இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவை செய்துகொண்டோர், பாலையும் தவிர்த்துவிட்ட மரக்கறி உணவினர், குடும்பத்தில் கொடிய சோகை உள்ளோர் ஆகியோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஆனால் அந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடலாகாது. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுவதே முறை.

முதற்பரிசோதனை, "சி.பி.சி." எனப்படும் முழு இரத்த அணுக் கணக்கு. அதில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைக்காதீர்கள். பெண்டிர்க்கு 12, ஆடவர்க்கு 13 என்னும் அளவுக்குக் குறைந்தால் சோகை என்பது பொதுக் கணக்கு. அத்துடன் எம்.சி.வி. என்ன என்று கேளுங்கள். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் பருத்த சிவப்பணுக்கள் தெரியவரும்.

இரண்டாவது, இரத்தத்தில் பி12 அளவு. 200 பிகோகிராமுக்குக் கீழே எனில் குறைபாடு. 200க்கும் 300க்கும் இடையே எனில் ஐயத்துக்குரியது. ஐயம் இருப்பின் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் ஆகியவற்றை அளந்து மருத்துவர் தெளிவு காண்பார். ஃபோலேட், இரும்புச் சத்து ஆகியவற்றையும் உடன் பார்ப்பதுண்டு.

மூன்றாவது, காரணத்தைத் தேடுவது. இன்ட்ரின்ஸிக் ஃபேக்டருக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்கிறதா என்று இரத்தத்திலேயே பார்க்கலாம். இருந்தால், அது கொடிய சோகை என்பது ஏறக்குறைய உறுதி. இல்லையென்று வந்தாலும் அந்நோய் இல்லையென்று சொல்லிவிட முடியாது. நோயுள்ளவர்களிலும் பலருக்கு இப்பரிசோதனையில் தென்படுவதில்லை.

இரண்டு செய்திகளை மறவாதீர்கள். ஒன்று, ஹீமோகுளோபினும் எம்.சி.வி.யும் சரியாகவே இருக்கும்போதும் பி12 குறைந்து நரம்பு கெடக்கூடும். இரும்புச் சத்துக் குறைவும் பி12 குறைவும் சேர்ந்து வரும்போது, ஒன்று அணுவைச் சிறுக்க வைக்க, மற்றொன்று பருக்க வைக்க, சராசரி சரியாக இருப்பதுபோல் தோன்றிவிடும். மற்றொன்று, பரிசோதனைக்கு முன்பே பி12 ஊசியோ சத்து மாத்திரையோ எடுத்திருந்தால் அளவு உயர்ந்து காட்டும். அதனை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முடிவளர்ச்சிக்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரையும் சில ஆய்வகக் கருவிகளின் முடிவைப் பிறழச் செய்யும்.

நரம்பில் அறிகுறிகள் வலுவாக இருந்தால், இரத்தம் எடுத்தவுடன், முடிவு வரும்வரை காத்திராமலே மருத்துவர் ஊசியைத் தொடங்கிவிடுவார். அதில் தவறில்லை. காலம் கடக்கக் கடக்க நரம்பு மீள்வது அரிதாகும்.

அக்காவின் ஐயங்கள்

ஊசி போடுமுன் அக்கா கேட்ட முதற்கேள்வி, "இது ஈரலிலிருந்து எடுத்த மருந்தா?" என்பது. பிறந்ததிலிருந்து மரக்கறி உணவன்றி வேறொன்றும் அறியாதவர், கேட்பது இயல்பு. மருத்துவர் பொறுமையாக விடை கூறினார். ஈரலை உண்பித்தது அக்காலம். இன்று மருந்தாகும் பி12, பெருங்கலன்களில் நுண்ணுயிரிகளை வளர்த்து, நொதிக்க வைத்து எடுக்கப்படுவது. புலால் அதில் இல்லை. வாய்வழி மருந்து எனில், சில குளிகைகளின் மேலுறை விலங்குப் பொருளாகிய ஜெலட்டினால் ஆனதாக இருக்கலாம். அதனைத் தவிர்க்க விரும்புவோர் மாத்திரையாகக் கேட்டுப் பெறலாம்.

"கீரை நிறையச் சாப்பிட்டால் ஆகாதா?" என்பது அடுத்த கேள்வி. கீரையில் ஃபோலேட் உண்டு, இரும்பு உண்டு, பி12 இல்லை. புளிக்க வைத்த இட்லி மாவையோ, சுருள்பாசி மாத்திரையையோ இதற்காக நம்புவதற்கில்லை. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலிச் சத்து.

"ஏகாதசி, பிரதோஷ விரதங்களால் வந்ததா?" என்று தயக்கத்துடன் கேட்டார். இல்லை. ஆண்டுக்கணக்கில் குறைந்து வந்த சத்துக்கு ஒரு நாள் உபவாசம் காரணமாகாது. உணவில் குறைவுதான் காரணம் என்று உறுதியானவர்கள், பாலும் தயிரும் போதிய அளவு சேர்ப்பதோடு, மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுத்தால் போதும். கொடிய சோகை உள்ளவர்க்கோ வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும். ஊசியாகவோ, மிகுந்த அளவு மாத்திரையாகவோ மருத்துவர் முடிவு செய்வார். இரைப்பை, தைராய்டு ஆகியவற்றையும் அவர் கவனித்து வருவார். இந்நோயுள்ளோர்க்கு அவற்றிலும் கோளாறு வர இடமுண்டு.

அக்காவுக்கு முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, பின்னர் வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. சில வாரங்களில் நாக்கெரிச்சல் நீங்கியது. இரண்டு மாதங்களில் ஹீமோகுளோபின் சீரானது. அந்தாதி தடையின்றி வரத் தொடங்கிய நாளில் வீட்டில் பாயசம் வைத்தோம். விரல்களில் உணர்வு திரும்பி, ஆறாம் மாதத்தில் மீண்டும் பூத்தொடுத்தார். கால்கள் மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை. ஓராண்டு கடந்தும் பாதங்களில் மதமதப்பு இருக்கிறது. கைத்தடி துணையாகிவிட்டது. தை மாதத்தில் அந்தச் சீட்டை நான் ஒரு மருத்துவரிடம் காட்டியிருந்தால் கைத்தடி வேண்டியிருந்திராது என்றே எனக்குத் தோன்றுகிறது. அக்கா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். கோபுரத்தில் ஒரு செடி முளைத்தால், பழங்கோபுரம் அப்படித்தான் இருக்கும் என்று நாம் விட்டுவிடுவதில்லை. வேர் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்து அகற்றுகிறோம். அந்தக் கவனத்தில் ஒரு பங்கேனும் இந்தக் கோயிலுக்கும் வேண்டும். உங்கள் வீட்டிலும் ஏதேனும் ஒரு பஞ்சாங்கத்துக்குள், ஏதேனும் ஒரு சீட்டு மடிந்து கிடக்கலாம். இன்று மாலை விளக்கேற்றிய பிறகு அதனை எடுத்துப் பாருங்கள். நாளைக் காலையில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை அக்காவுடன் மங்களாம்பிகை சந்நிதியில் நின்றேன். ஒரு கையில் கைத்தடி; மறுகை என் தோளில். தீபாராதனையின்போது அனைவரும் கண்மூடிக் கைகுவித்தனர். அக்கா மட்டும் கண்களை நன்றாகத் திறந்து, இமைக்காமல் அம்பாளையே பார்த்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நின்றார்.

வெளியே வந்ததும், "கண்ணை மூடிக் கும்பிட முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறதா அக்கா?" என்று கேட்டேன்.

"எதற்கு வருத்தம் தம்பி? பார்க்கத்தானே வந்தோம்" என்றார்.